ஸ்லாஷ் பண்டிதர்

சர்வர் இருக்கிற ஆபீஸ் எதுவானாலும் அங்கே ஒரு ஸ்லாஷ் பண்டிதர் இருப்பார். சர்வர் படுத்துவிட்டது என்றால் அலட்டிக்கொள்ள மாட்டார். யாரோ எதையோ ஸ்லாஷ் ஆப்ட்டில் போடாமல் ஸ்லாஷ் யூசரில் போட்டுவிட்டார்கள் என்று காதில் விழுந்தால், சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து வருவார்.

எந்த ஃபைல் எந்த டைரக்டரியில் இருக்க வேண்டும் என்று விதிக்கும் எஃப்.எச்.எஸ்., 2015இல் வந்த 3.0 பதிப்பு, அவருக்கு மனப்பாடம். ஸ்லாஷ் பின் வேறு, ஸ்லாஷ் யூசர் ஸ்லாஷ் பின் வேறு என்பது அவர் கட்சி. அதில் ஆழ்ந்த தத்துவம் இருக்கிறதாம். நடந்தது இவ்வளவுதான்: 1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பி.டி.பி-11இல் யூனிக்ஸை வளர்த்தபோது முதல் டிஸ்க் நிரம்பிவிட்டது. மிச்சத்தை, ஆட்களின் சொந்த ஃபைல்கள் இருந்த இரண்டாவது டிஸ்க்குக்கு, அதாவது ஸ்லாஷ் யூசருக்கு, தள்ளினார்கள். இடமில்லாமல் பரணில் ஏற்றிய சாமானுக்கு இவர் ஆகமம் சொல்கிறார். 2012இல் ஃபெடோரா 17 இரண்டு பின்னையும் ஒன்றாக்கியது. 2023இல் வந்த டெபியன் 12இலும் அதுதான் கதி. ஸ்லாஷ் பின் இப்போது வெறும் சிம்லிங்க். "இருக்கட்டுமே, பேர் இன்னும் இருக்கில்ல?" என்கிறார்.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் வந்து கேட்டான்: "சார், பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கேன். எங்க வைக்கட்டும்?"

"உட்காருப்பா."

ஆப்ட் ஆகாது, அது வெளியிலிருந்து முழுசாக வரும் பேக்கேஜுக்கு. யூசர் பின் கூடவே கூடாது. அது டிஸ்ட்ரோவின் பட்டா நிலம். யூசர் லோக்கலா? "ரூட் மட்டும் ஓட்டுறதா, எல்லாரும் ஓட்டுறதா?" பையன் முழித்தான். "அது தெரியாம பின்னா எஸ்பின்னான்னு எப்படிப்பா முடிவு பண்றது?" டீ வந்து ஆறிப்போனது. அவர் போர்டில் டைரக்டரி மரம் வரைந்துகொண்டிருக்க, பையன் ஸ்கிரிப்டை ஸ்லாஷ் டெம்ப்பில் போட்டு, க்ரானில் ஏற்றிவிட்டு நழுவினான்.

சர்வரை ரீபூட் பண்ணினார்கள். ஸ்கிரிப்ட் போயே போய்விட்டது. பேக்கப்பும் இல்லை. மேனேஜர் கத்திக்கொண்டு வந்தார். பண்டிதர் முகத்தில் மட்டும் ஒரு பூரிப்பு. "பூட் ஆகும்போது டெம்ப்பைத் துடைக்கணும்னு எஃப்.எச்.எஸ்.லயே சிபாரிசு இருக்கு சார். சிஸ்டம் கரெக்டா வேலை செஞ்சிருக்கு!"

நீங்கள் ஸ்கிரிப்ட் எழுதினால் யாரையும் கேட்காமல் ஸ்லாஷ் யூசர் ஸ்லாஷ் லோக்கல் ஸ்லாஷ் பின்னில் போட்டுவிட்டு, அப்புறம் அவரைக் கூப்பிடுங்கள். தப்பு என்றுதான் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் பேக்கப் எடுத்தாகிவிடும்.