பிரைவசி அண்ணன்

கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸில் காலையில் நடக்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்காவது பிரைவசி அண்ணனைத் தெரிந்திருக்கும். உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார், பெயர்தான் வேறாக இருக்கும். அடையாளம் சுலபம். போனின் முன்பக்கக் கேமரா மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருப்பார். அந்தப் போனோடு அவர் வந்து இறங்கும் காரில் சுற்றிலும் நாலு கேமரா, முன்கண்ணாடிக்கு மேலே ஒன்று, ஓட்டுகிறவர் கண் சொருகுகிறாரா என்று பார்க்க இன்னொன்று. டேப் போனுக்கு மட்டும்தான். காரில் ஒட்டினால் பெயின்ட் போய்விடும்.

அண்ணனுக்கு வயது ஐம்பத்தெட்டு. தொழில் பம்ப்செட், கொஞ்சம் ஃபவுண்டரி, சம்பந்தி வகையில் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் பங்கு. சர்க்கரைக்காக நடக்கச் சொன்னார் டாக்டர். அண்ணன் பேசுவதற்காக நடக்கிறார். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் இரண்டாவது சுற்றுக்குள் “அவனுக” வந்துவிடுவார்கள். “அவனுக எல்லாத்தையும் கேட்டுட்டே இருக்கறானுங்க.” யார் அந்த அவனுக என்பது இதுவரை தெளிவாகவில்லை. சில நாள் கூகுள், சில நாள் சீனாக்காரன், மார்ச் மாதம் முழுக்க வருமான வரிக்காரர்கள்.

சான்று கேட்டால் மெத்தைக் கதை வரும். ஒரு ராத்திரி முதுகு வலிக்கிறது, மெத்தையை மாற்றணும் என்று வீட்டில் சொன்னாராம். மறுநாள் போனைத் திறந்தால் மெத்தை விளம்பரம். தேங்காய் நார் மெத்தை, ரப்பர் மெத்தை, பத்து வருஷ கேரண்டி மெத்தை. “போன் அந்தக் கோடில கெடந்துதுங்க. பீரோ மேல!” என்று சொல்லும்போது அண்ணன் குரல் இறங்கிவிடும். என் மனைவி அண்ணியிடம் விசாரித்ததில், நாலு நாளாக அதே வீட்டு வைஃபையில் மெத்தை விலை பார்த்துக்கொண்டிருந்தது அண்ணிதான் என்று தெரிந்தது. அண்ணியும் அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு ஒரு கதை போய்விடும்.

கிண்டல் செய்கிறேனே தவிர, அண்ணனுக்கு விஷயம் தெரியாது என்று சொன்னால் பாவம். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னதைத் தேதியோடு சொல்வார். அந்த வழக்கைப் போட்டவர் புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற நீதிபதி, ஆதாரை எதிர்த்து 2012ல் கோர்ட்டுக்குப் போனபோது அவருக்கு வயது எண்பத்தாறு என்பதைச் சொல்லும்போது அண்ணனுக்குக் கண் கலங்கும். “அந்த வயசுல நம்மெல்லாம் இருப்பமான்னே தெரியாதுங்க. அந்த மனுசன் கவர்மென்ட்டு மேல கேஸு போட்டாரு.” நானும் நெகிழ்ந்துதான் போனேன்.

அன்றைக்கே ஒரு சோலியாக அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். புதிதாகச் சமையலுக்கு வந்த அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஆதார் அட்டை முன்பக்கம், பின்பக்கம் ஜெராக்ஸ், வீட்டுக்காரர் ஆதார், ரேஷன் கார்டு, இரண்டு போட்டோ. அண்ணன் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சமையலறை மூலையில் பல்லி உட்காரும் இடத்தில் ஒரு சின்னக் கேமரா சிவப்பாக மினுக்கியது. அதைப் பார்த்துத்தான் அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். “புட்டசாமி...” என்று இழுத்தேன். “அது கவர்மென்ட்டுக்குங்க. இது வீடு” என்றார் அண்ணன்.

வாட்ஸ்அப் 2021 ஜனவரியில் புதுக் கொள்கை அறிவித்தபோது ரேஸ் கோர்ஸில் முதல் சங்கு ஊதியவர் இவர்தான். எட்டுக் குழுக்களில் எச்சரிக்கை அனுப்பினார், அத்தனையும் வாட்ஸ்அப்பில். பிறகு சிக்னல் செயலிக்குக் குடிபோனார். அங்கே அவரும் அவர் மருமகனும் மட்டும் இருந்தார்கள். மருமகன் மரியாதைக்கு வந்தவர். யாரும் காலை வணக்கம் சொல்லவில்லை, பங்காளி வீட்டுப் பிரச்சினை எதுவும் காதுக்கு வரவில்லை. ஒரு வாரம் தாங்கினார். திரும்பி வந்தபோது, “உலகம் எப்படி நடக்குதுன்னு கண்காணிக்கோணுமல்லங்க” என்று காரணம் சொன்னார்.

இப்போது காருக்கு வருவோம். அண்ணனிடம் இருப்பது ஜெர்மன் வண்டி, அவர் வாயால் “பென்ஸு”. வண்டி எடுத்த தினம் நான் கூட இருந்தேன். சிவப்புப் பட்டுத் துணியை இழுத்ததும் கைதட்டல், கேக், எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம், மேலே ஒரு டிரோன். ஷோரூம் பையன் ஒரு டேப்லெட்டை நீட்டினான். நிபந்தனைகள் வெள்ளமாக ஓடின. இருப்பிடம், ஓட்டும் முறை, குரல் என்று இரண்டு மூன்று சொல் என் கண்ணிலேயே பட்டன. அண்ணன் மோதிர விரலால் தள்ளிக்கொண்டே போய் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அமுக்கிவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். நல்ல நேரம் பத்தரை மணியோடு முடிகிறது. படிக்க ஏது நேரம்?

மோசில்லா அறக்கட்டளை 2023ல் 25 கார் பிராண்டுகளின் அந்தரங்கக் கொள்கைகளை எடுத்துப் படித்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. நிசானின் அமெரிக்கக் கொள்கையில், வாடிக்கையாளரின் பாலியல் நடவடிக்கை பற்றிய தகவலும் சேகரிக்கப்படலாம் என்றே எழுதியிருந்தார்கள். இதை நான் அண்ணனிடம் பக்குவமாகச் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். “அவினாசி ரோட்டு டிராபிக்குல அதுக்கெல்லாம் எங்கீங்க நேரம்?” என்றார்.

அத்தோடு நான் விடவில்லை. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் தகவல்கள் பூட்டாமல் கிடந்ததை 2024 டிசம்பரில் ஜெர்மனியில் வெளிக்கொண்டு வந்தார்கள். நிறைய வண்டிகள் எங்கே நின்றன, எப்போது நின்றன என்பதுவரை அதில் இருந்தது. ஹாம்பர்க் போலீஸின் ரோந்து வண்டிகளும் அந்தப் பட்டியலில். “அது வேற கம்பெனிங்க” என்றார். அதுவும் ஜெர்மனிதானே என்றேன். “ஜெர்மனில நாலு கம்பெனி இருக்குது” என்று பேச்சை முடித்துவிட்டார். மெத்தைக்காகக் கூகுளை மன்னிக்காதவர், காருக்காக ஒரு தேசத்தையே மன்னித்தார்.

கறுப்பு ஃபிலிம் விவகாரம் தனி. கார்க் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முன், பின் கண்ணாடி வழியாக 70 சதவீத வெளிச்சம், பக்கத்தில் 50 சதவீதம், கம்பெனியிலிருந்து வரும்போதே அப்படி இருக்க வேண்டும், மேலே ஒன்றும் ஒட்டக் கூடாது. அண்ணன் ஒட்டினார். லட்சுமி மில் சிக்னலில் மடக்கி அபராதம் எழுதினார்கள். “உள்ள யாரு உக்காந்திருக்கறாங்கன்னு பாக்க இவனுக யாருங்க? பிரைவசிங்க இது!” அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றதும் இதே கோர்ட்டுதான் என்று நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அபராதம் கட்டிய சூட்டில் இருந்தார்.

உள்ளே யார் என்று தெரியக் கூடாது என்கிற இவருடைய வண்டி எண், நாலு இலக்கமும் ஒன்றேபோல. அரசாங்கத்துக்குத் தனியாகப் பணம் கட்டி வாங்கியது. அண்ணன் காலை ஒன்பதே காலுக்கு எந்த பேங்குக்குள் போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார், முகம் எப்படி இருந்தது என்பதை ஆர்.எஸ்.புரத்தில் இளநீர் வெட்டுகிறவரே சொல்லிவிடுவார். அதற்குச் செயற்கைக்கோள் எதற்கு?

அண்ணனின் அப்பாவை எனக்குத் தெரியும். மடித்துக் கட்டிய வேட்டி, வெள்ளை அம்பாசடர், பின்சீட்டில் எப்போதும் ஒரு மூட்டை. அவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது அவருக்கும் கணக்குப்பிள்ளைக்கும் மட்டும் தெரியும், கணக்குப்பிள்ளைக்கும் பாதிதான். பிரைவசி என்ற சொல்லை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. மகன் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறார், சொல்லிக்கொண்டே பென்ஸிலிருந்து இறங்குகிறார்.

அந்த வண்டி அவ்வளவு பெறுமா என்றால், அண்ணனிடம் பதில் தயாராக இருக்கும். 80 லட்ச ரூபாய் வண்டிக்குத் தமிழ்நாட்டில் ஆயுட்கால சாலை வரி மட்டும் 20 சதவீதம், அதாவது 16 லட்சம். வரிக்குக் கொடுத்த பணத்தில் இன்னொரு நல்ல குடும்பக் கார் வாங்கலாம். விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஜி.எஸ்.டி. தனி, இப்போது 40 சதவீதம். நாலைந்து வருஷம் கழித்து விற்கப் போனால் பாதி விலை கிடைத்தாலே அதிர்ஷ்டம். இத்தனையும் அண்ணனுக்கு அத்துப்படி, பம்ப் விற்கிறவருக்குத் தேய்மானம் தெரியாதா? “வண்டில போட்ட காசு வராதுங்க. ஆனா கடன் வரும். பழைய வண்டில போனா பேங்குல டோக்கன் குடுப்பான். இதுல போனா மேனேஜரு வெளிய வர்றான். திருப்பூர்ல நூல் கடன் முப்பது நாள்னு இருந்தது அறுபதாச்சு, தெரியுமுங்களா?”

இந்த ஒரு விஷயத்தில் நான் அண்ணன் கட்சி. வேகத்துக்கும் சொகுசுக்கும் யாரும் 80 லட்சம் போடுவதில்லை, நம் ஊர்க் குழிகளில் அந்த வேகத்தை வைத்து என்ன செய்வது. பார்க்கிறவன் கண்ணுக்குத்தான் அந்தப் பணம். தோலும் தோதகத்தி மரமும் போனஸ். அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு பெயரில் இருக்கும் கார் மியூசியத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரு காலத்தில் ஊரே வாய் பிளந்து பார்த்த மாதிரியான வண்டிகள் வரிசையாக நிற்கும். அவையெல்லாம் எங்கே போய் வந்தன என்று யாரிடமும் சொன்னதில்லை. அதனால் மதிப்பு ஒரு ரூபாயும் குறைந்துவிடவில்லை.

அண்ணனின் வண்டி சொல்கிறது, முதலில் அண்ணனிடமே. ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது போன் கிணுகிணுத்தது. டேப் ஒட்டிய அதே போன். அவர் போட்டுவைத்த எல்லையை வண்டி தாண்டிவிட்டது என்று செய்தி. வரைபடத்தில் ஒரு புள்ளி சரவணம்பட்டி பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. “சர்வீசுக்குப் போறேன்னு சொன்னவன் அங்க எதுக்குப் போறான்?” டிரைவரைக் கூப்பிட்டார். மகளை டியூஷனில் விட்டுவிட்டு வருகிறேனுங்கய்யா, பஸ்ஸை விட்டுட்டாள் என்று அந்தப் பக்கம் கெஞ்சுவது எனக்கே கேட்டது. “சரி, சரி. எம்பத்தி மூணுல போயிட்டிருக்கற, மெதுவாப் போ” என்று வைத்தார் அண்ணன். அவர் முகத்தில் அப்போது இருந்த நிம்மதியை நான் வேறெந்தச் சமயத்திலும் பார்த்ததில்லை. மேலே இருக்கிறவன் இவரைப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் இருக்கிறவன் பார்த்தே ஆகணும், கீழே இருக்கிறவனை இவர் பார்த்துக்கொண்டே இருக்கணும். அண்ணனின் கொள்கையில் குழப்பமே கிடையாது. குழப்பம் எல்லாம் நமக்குத்தான்.

ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியில் கட்டாயமானபோது, “நான் எந்தக் கேட்டத் தாண்டறேன்னு அவனுக்கு எதுக்கு?” என்று கணியூர் டோலில் வண்டியை நிறுத்திச் சண்டை போட்டவர் இவர். அடுத்த வருஷம் மகன் ஈரோட்டுக்கு ஜவுளி பார்க்கப் போவதாகச் சொல்லி வண்டியை எடுத்துப் போனான். விஜயமங்கலத்தோடு நிற்க வேண்டிய குறுஞ்செய்தி வைகுந்தத்திலிருந்து வந்தது. பிறகு ஓமலூர். பிறகு கிருஷ்ணகிரி. மகன் பெங்களூரு போய்ச் சேரும் முன்பே அண்ணன் அவனுக்குப் போன் போட்டு, “ஈரோடு ரொம்ப தூரம் நகந்து போச்சாட்ட இருக்குது” என்றார். அன்றோடு ஃபாஸ்டேக்கைத் திட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

போன ஆவணியில் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். என்னையும் ஏற்றிக்கொண்டார். கண்ணாடி ஏறியதும் வெளிச் சத்தம் அறுந்துபோனது. அண்ணனுக்குப் பேச்சு சூடு பிடித்தது. “பங்காளிகளுக்கு வவுறு எரியுதுங்க. எரியட்டும். ஏ... மெர்சிடிஸு எடுத்தா எரியத்தான் செய்யும்” என்றார். உடனே டேஷ்போர்டிலிருந்து ஒரு பெண் குரல், அமெரிக்க இங்கிலீஷில், நான் உங்களுக்கு என்ன செய்யட்டும் என்று மரியாதையாகக் கேட்டது. அண்ணன் வெளிறிவிட்டார். என் தொடையைத் தட்டி, உதட்டில் விரலை வைத்து, டேஷ்போர்டைக் காட்டினார். அதன்பிறகு கிணத்துக்கடவு வரை ஜாடைதான்.

ஆனால் அவருக்குச் சொல்லியாக வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. பாகப்பிரிவினை. தாங்க முடியாமல், “சித்தெ ஓரமா நிறுத்துப்பா” என்றார். போன் இரண்டையும் சீட்டிலேயே போட்டோம். இறங்கி, வண்டியைச் சாலையோர வேப்பமரத்தடியில் விட்டுத் தள்ளிப் போனோம். ஈ பறக்கிற சத்தம்கூட உள்ளே வராத 80 லட்ச ரூபாய் வண்டி நிழலில் நின்றது. அண்ணன் வெயிலில் நின்று, லாரிகளுக்கு மேலே குரலை உயர்த்தி, கமுக்கமாகப் பேச ஆரம்பித்தார். கிணத்து மேட்டு நாலு ஏக்கரில் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது, தம்பிக்குத் தெரியாமல் அதை எப்படிக் கைமாற்றுவது, எவ்வளவு ரொக்கம், எவ்வளவு வெள்ளை. ஒவ்வொரு லாரி வரும்போதும் தொகையைத் திரும்பச் சொன்னார், எனக்குக் கேட்கவில்லையோ என்று.

மரத்துக்கு அந்தப் பக்கம் டீக்கடை. பெஞ்சில் நாலைந்து பேர் பேப்பரைப் பிடித்திருந்தார்கள். வெகுநேரமாக ஒருத்தரும் பக்கம் திருப்பவில்லை. டீ மாஸ்டர் இரண்டு கிளாஸோடு எங்களிடம் வந்தார்.

“ஏனுங்க, அந்தக் கெணத்து மேட்டு நாலு ஏக்கரா தென்னந்தோப்பா, மேட்டாங்காடுங்களா? எங்க மச்சான் ஒருத்தரு அந்தப் பக்கமாத்தான் கேட்டுட்டு இருக்கறாரு. பூராவும் ரொக்கமாவே குடுத்துருவாருங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், வண்டியிலிருந்து இன்னும் இரண்டடி தள்ளி வந்தார்.

“எத்தனைக்குக் கேக்கறாருங்க?” என்றார்.