பந்தயப் பெருமக்களுக்கு ஒரு வாழ்த்துமடல்

புது சீசன் நெருங்குகிற இந்த நேரத்தில், நம் நாட்டில் மோட்டார் பந்தயத்தைக் கட்டிக்காக்கிற பெருமக்களை வாழ்த்தாமல் இருந்தால் அது நன்றிகெட்டதனம். சங்கத்தார், ஏற்பாட்டாளர்கள், இடம் கொடுத்த அரசுகள், கொடுக்காத அரசுகள் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடல். புதுச்சேரியின் தேங்காய்த்திட்டில் இருந்துகொண்டு அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயத்தை விடாமல் பின்தொடர்கிறவன் நான். அவர்கள் நடத்துவதையும் பார்த்து, நீங்கள் நடத்துவதையும் பார்த்தவன் என்பதால் உங்கள் அருமை எனக்குச் சற்றுக் கூடுதலாகவே தெரியும்.

அங்கே நாஸ்கார் நடத்தும் ஸ்டாக் கார் சீசன் பிப்ரவரியில் டேட்டோனாவில் தொடங்கும். 500 மைல், 200 சுற்று. ஞாயிறு பிற்பகல் அங்கே பச்சைக் கொடி அசையும்போது புதுச்சேரியில் நள்ளிரவு தாண்டித் திங்கட்கிழமை பிறந்திருக்கும். அதன்பின் நவம்பர் வரை புள்ளிகளுக்கான பந்தயம் மட்டும் 36. எந்த வாரம் எந்த ஊர் என்பது முந்தைய ஆண்டே வெளியாகிவிடும். அந்த ஊர் ரசிகன் அதைப் பார்த்து லீவு சொல்கிறான், பெட்ரோலுக்குப் பணம் ஒதுக்குகிறான், பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்கிறான். அவனுக்குக் காத்திருக்க ஒன்றும் மிச்சம் இல்லை. எங்களை நீங்கள் அப்படித் தேதியைக் கையில் கொடுத்துக் கெடுக்கவில்லை. தேசிய சாம்பியன்ஷிப்பின் அடுத்த சுற்று எப்போது என்ற கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே ஒரு வருஷத்தில் பாதியைக் கழித்துவிடலாம். அறிவித்த தேதியும் தள்ளிப்போகக்கூடும் என்பதால் எங்கள் ஆவலுக்கு ஒருநாளும் பஞ்சம் வராது.

எங்கள் மீன்பிடித் துறைமுகத்தில் இந்தப் பாக்கியம் கிடையாது. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்; சின்னப் பிள்ளையும் சொல்லும். அந்தத் தேதியை வைத்துத்தான் படகை எப்போது கரையேற்றுவது, இன்ஜினை எப்போது இறக்குவது, யாரிடம் எவ்வளவு கடன் வாங்குவது என்று கணக்குப் போடுகிறார்கள். லேலண்ட் இன்ஜினின் ஹெட்டைக் கழற்றி, வால்வுகளை ஒவ்வொன்றாக டீசலில் கழுவி, பழைய வேட்டித் துணியில் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கும் மெக்கானிக்கிடம் கேட்டால், படகு என்றைக்குக் கடலுக்குப் போகும் என்பதைத் தலை நிமிராமலே சொல்வார். மீன் குஞ்சு பொரிக்கிற காலத்துக்கே நாள் குறித்துவிட்ட நாட்டில், கார் ஓடுகிற காலத்துக்கு நாள் குறிக்காமல் விட்டுவைத்திருக்கும் பெருந்தன்மை உங்களுக்கே உரியது.

சென்னைத் தெருப் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் 9, 10 என்று நாள் குறித்தீர்கள். மிக்ஜாம் புயலில் ஊரே தண்ணீரில் நின்றதால் ஒத்திவைத்தீர்கள். அது செய்ய வேண்டியதுதான். மறுபடி 2024 ஆகஸ்ட் 31. தீவுத்திடலைச் சுற்றி, அண்ணா சாலையின் ஒரு துண்டும் நேப்பியர் பாலமும் சேர்ந்த மூன்றரைக் கிலோமீட்டர் தடம். நாட்டின் முதல் இரவுநேரத் தெருப் பந்தயம். அன்று பகலில் கார் ஓடவில்லை. சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் பாதுகாப்புச் சான்றிதழ் வந்து சேரவில்லை. உயர் நீதிமன்றம் விதித்த நண்பகல் கெடு இரவு 8 மணி வரை நீண்டது. பொழுது சாய்ந்த பிறகுதான் தடத்தில் இன்ஜின் சத்தம் கேட்டது. கார்ப் பந்தயத்துக்கு டிக்கெட் வாங்கியவர்களுக்கு, சான்றிதழுக்கும் கெடுவுக்கும் நடந்த பந்தயத்தையும் கூடுதல் கட்டணம் இல்லாமல் காட்டினீர்கள். எந்த நாட்டு ரசிகனுக்குக் கிடைக்கும் இது?

நொய்டா பக்கத்து புத்தா தடத்தை விட்டுவிட்டால் வாழ்த்து முழுமை பெறாது. நீளம் 5.125 கிலோமீட்டர். 2011 அக்டோபரில் முதல் இந்தியன் கிராண்ட் ப்ரீ. முதல் பயிற்சி ஓட்டத்திலேயே ஒரு நாய் தடத்துக்குள் ஓடிவந்து, உலகத்தின் விலை உயர்ந்த கார்களையெல்லாம் காத்திருக்க வைத்தது. மூன்று ஆண்டு, மூன்று பந்தயம், மூன்றிலும் வென்றவர் செபாஸ்டியன் வெட்டல். ஃபார்முலா ஒன் விளையாட்டு அல்ல, கேளிக்கை என்று உத்தரப் பிரதேச அரசு வரி கேட்டது. 2013க்குப் பிறகு அந்தப் பந்தயம் வரவில்லை. 2023இல் மோட்டோ ஜிபி பைக் பந்தயம் வந்தது. மறு ஆண்டு அதுவும் வரவில்லை. உலகத்தில் எத்தனையோ தடங்கள் வாரம் தவறாமல் ஓடி ஓடித் தேய்ந்து, தார் பெயர்ந்து, பழுதுபார்க்கும் செலவில் சிக்கித் தவிக்கின்றன. புத்தாவை அந்தக் கதிக்கு ஆளாகாமல் காப்பாற்றியிருக்கிறீர்கள்.

சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையைப் பற்றிப் பேசும்போது ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்து யுத்தகால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தி ஒரு தலைமுறைக்கே ருசி காட்டியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ஒரு தடம் போட்டு, 1990 முதல் அதை நடத்திவருகிறது. அந்த உழைப்புக்கு என் கும்பிடு. நான் மெச்ச வந்தது அந்தத் தடத்துக்கு வெளியே இருக்கும் ஏற்பாட்டை. அதே இருங்காட்டுக்கோட்டையில் லட்சக்கணக்கில் கார் செய்யும் தொழிற்சாலை. கொஞ்ச தூரத்தில் ஒரகடம், அங்கேயும் கார். கடையில் விற்கிற காரைப் பந்தயத்தில் ஓட்டுவதுதான் ஸ்டாக் காரின் ஆதி இலக்கணம். இன்றைய நாஸ்கார் காரில் ஷோரூம் காரின் முகச்சாயல் மட்டுமே மிச்சம். நம்முடைய டூரிங் கார் வகுப்பில்தான் ஆலையில் இருந்து வந்த அதே கூட்டை எடுத்து, சீட்டுகளையும் கதவுத் தட்டிகளையும் பிடுங்கிப் போட்டு, உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டை வெல்டு வைத்து ஓட்டுகிறார்கள். பழைய மரபு இங்கே உயிரோடு இருக்கிறது. கம்பெனிகளும் சிலமுறை வந்து பார்த்தன: போலோ கோப்பை, எட்டியோஸ் பந்தயம். வந்த வழியே போய்விட்டன. கார் ஆலையும் கார்ப் பந்தயமும் ஒரே ஊரில் குடியிருந்தும் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாமல் வைத்திருக்கிற உங்கள் நிர்வாகத்துக்கு ஈடு இல்லை.

கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னின் முதல் இந்தியர் ஆனார், ஊருக்கே தெரியும். 2010இல் அவர் நாஸ்காரின் டிரக் பந்தயத்தில் ஓட்டியதுதான் பலருக்குத் தெரியாது. மார்ச்சில், மார்ட்டின்ஸ்வில்லில் முதல் ஓட்டம். சுற்று ஒன்று அரை மைலுக்குச் சற்றே கூடுதல். இரண்டு நேர்ப் பாதை, இரு முனையிலும் இறுக்கமான வளைவு. வளைவுக்கு வளைவு பிரேக் டிஸ்க் சிவக்கும். பின்னால் வருகிறவன் பம்பரில் இடித்துத்தான் வழி கேட்பான். கையகல இடம் விட்டால் மூன்று பேர் நுழைவார்கள். அந்த நெரிசலில், அந்த வகை வண்டிக்கே புதியவரான நம் கோவைக்காரர் 13ஆவதாக முடித்தார். அந்த ஆண்டுப் பந்தயங்களில் பாதிகூட அவர் ஓட்டவில்லை. ஆனாலும் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மக்கள் அபிமான ஓட்டுநர் விருது, அந்தத் தொடரில் அவருக்கே போனது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிரும். இவ்வளவு ரசிகர் பலம் ஒரு தமிழருக்கு இருக்கிறது என்று அமெரிக்கக்காரனின் வாக்கு எண்ணிக்கையே சொல்லிவிட்டது. அதைச் சாக்கிட்டு இங்கே ஒரு ஸ்டாக் கார் தொடர், ஒரு சின்ன ஓவல் தடம், ஒரு பயிற்சிப் பள்ளி என்று நீங்கள் கிளம்பிவிடவில்லை. அந்த அடக்கம் பெரிது. மோட்டார் பந்தயத்துக்கு முதல் அர்ஜுனா விருதும் 2019இல்தான் வந்தது, ராலி ஓட்டுநர் கௌரவ் கில்லுக்கு. அவசரப்பட்டுக் கொடுத்தார்கள் என்று யாரும் குறை சொல்ல முடியாது.

எங்கள் ஊர்ப் பெருமையையும் சொல்ல வேண்டும். ஸ்டாக் கார் பந்தயம் பிறந்த கதை புதுச்சேரிக்காரனுக்கு அந்நியமாகவே படாது. அமெரிக்கத் தென்மாநில மலைகளில் காய்ச்சிய சாராயத்தை, வரி அதிகாரிகள் கண்ணில் மண்ணைத் தூவி ராத்திரியில் ஓட்டிப்போனவர்கள், வெளியே பார்க்கச் சாதுவான காருக்குள் இன்ஜினையும் ஸ்பிரிங்கையும் மாற்றினார்கள். யார் கார் வேகம் என்ற போட்டி மண்தடங்களுக்கு வந்தது. 1947 டிசம்பரில் டேட்டோனா கடற்கரை ஓட்டல் ஒன்றில் பந்தய ஏற்பாட்டாளர் பில் பிரான்ஸ் எல்லோரையும் கூட்டிவைத்து விதிமுறை பேசினார். மறு ஆண்டு நாஸ்கார். 1958 வரை அந்த ஊர்ப் பந்தயம் பாதி கடற்கரை மணலிலும் பாதி சாலையிலும் ஓடியது. சாராய வழக்கில் சிறைக்குப் போய்வந்த ஜூனியர் ஜான்சன் 50 பந்தயம் வென்றார். 1986இல் அதிபர் ரீகன் அவருக்கு மன்னிப்பும் வழங்கினார். எங்களுக்கும் கடற்கரை உண்டு, கடற்கரையை ஒட்டிச் சாலை உண்டு, தமிழ்நாட்டைவிட மலிவான சரக்கு உண்டு, அதைக் கார்க் கதவுக்குள் ஒளித்து எல்லை தாண்டுகிற ஓட்டுநர்களும் உண்டு. அமெரிக்கக்காரன் அந்தத் திறமையைப் பந்தயத் தடத்துக்கு இழுத்துவந்து நீர்த்துப்போகச் செய்துவிட்டான். இங்கே இரு அரசுகளும் சேர்ந்து அதைச் சோதனைச்சாவடி அளவிலேயே, பிறந்த மேனிக்குக் காத்துவருகின்றன.

சொகுசுக் கார்கள் விஷயத்திலும் நாங்கள் பின்தங்கவில்லை. வரி குறைவு என்பதால் கேரளத்துப் பிரபலங்கள் புதுச்சேரி முகவரி காட்டிக் கார் பதிவு செய்தது 2017இல் நாடறிந்த வழக்கானது. இந்த ஊரில் குடியிருக்காதவர்களுக்கு முகவரி, இந்த ஊர் மண்ணை மிதிக்காத வண்டிக்கு பி.ஒய். நம்பர். வந்தாரை வாழவைக்கும் ஊர்கள் பல. வராதவரையும் வாழவைத்தது எங்கள் ஊர்.

உள்ளூர்ப் பையன்களையும் நீங்கள் கைவிடவில்லை. ஓட்டிப்பார்க்க இடம் இல்லையே என்று ஏங்கியவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையையே விட்டுவைத்திருக்கிறீர்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. உரிமம் கேட்பார் இல்லை. தடுப்பு டயர், கொடிக்காரர், தீயணைப்பான், வளைவில் காத்து நிற்கும் ஆம்புலன்ஸ் எதுவும் பையனின் வேகத்துக்குக் குறுக்கே நிற்காது. எதிரே அரசுப் பேருந்து வரும், நுங்கு வண்டி வரும், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். பிறகு முச்சந்தியில் பிளெக்ஸ் பேனர். அதில் அவன் புது பைக்கின் மேல் உட்கார்ந்து, கூலிங் கிளாஸ் போட்டு, இரண்டு விரலைக் காட்டிக்கொண்டிருப்பான். கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஒரு பையன் விழுந்தால் மணலில் சறுக்கி, எழுந்து, புழுதியைத் தட்டிக்கொண்டு போய்விடுவதற்கே வாய்ப்பு அதிகம். பேனர் அடிக்கிறவருக்கு அதனால் என்ன வருமானம்?

இந்த சீசனில் எங்கள் தெருப் பையன்களில் சிலரை இருங்காட்டுக்கோட்டைக்கு அழைத்துப்போக எண்ணம். ஹெல்மெட்டின் தாடைப்பட்டையை அதிகாரி இழுத்துப் பார்த்த பிறகுதான் தடத்துக்குள் விடுவார்கள் என்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அவர்களுடைய வேகத்துக்கு ஒரு முறையான விலாசம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். மரப்பாலத்து வேன்காரரிடம் பேசியாகிவிட்டது. திண்டிவனம் வழியாகக் கிளம்பி, காலையில் முதல் பந்தயத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்கிறார். என்றைக்கு என்று மட்டும் கேட்கிறார். நீங்கள் இன்னும் சொல்லவில்லை என்பதால் அவருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை. அந்தப் பணம் என் பையில் அப்படியே இருக்கிறது. அதுவும் உங்கள் தயவு.