மணலுக்குள் ஓடும் ஆறு

கேள்வி: வைப்பாற்றில் வருஷம் பூராவும் மணல்தான் தெரிகிறது. இதை ஆறு என்று சொல்லலாமா? (வாசகர், அச்சங்குளம்)

பதில்: தாராளமாகச் சொல்லலாம். மேலே ஓடினால்தான் ஆறா? கோடையில் இரண்டு முழம் மணலைக் கையால் பறித்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். முதலில் மணல் கறுக்கும், பிறகு ஓரம் சரியும், அப்புறம் சிரட்டையில் மொள்ளும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர் ஊறி நிற்கும். ஆறு அங்கேதான் குடியிருக்கிறது.

தண்ணீர் ஆழமாக ஓடாவிட்டாலும் ஆறு ஆறுதான். அமெரிக்காவின் நெப்ராஸ்கா சமவெளியில் பிளாட் என்றொரு ஆறு உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் வைத்த அந்தப் பெயருக்கே 'தட்டை' என்றுதான் பொருள். ஆழம் இல்லாத அந்த ஆற்றின் கரையைப் பிடித்துக்கொண்டுதான் 19ஆம் நூற்றாண்டில் குடியேறிகளின் மாட்டு வண்டிகள் மேற்கே போயின.

நம் ஆறு அதைவிட மூத்த கதைக்காரர். உங்களுக்குப் பக்கத்து வெம்பக்கோட்டையில், வைப்பாற்றின் கரையில், 2022 முதல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. குவியலாகச் சங்கு வளையல் துண்டுகள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொம்மைகள். கரிசல் காட்டுக்குள் கடல் சங்கு எப்படி வந்தது? வைப்பாறு போய்ச் சேருவதே சங்கு விளையும் மன்னார் வளைகுடாவில்தானே!

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்குப் போங்கள். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்தில் மாரியம்மனைக் கும்பிட வந்த சனம் ஆற்று மணலிலேயே பொங்கல் வைத்துப் படுத்துக் கிடக்கும். அந்த மணலை லாரியில் ஏற்றுகிறவர்களைக் கண்டால் மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் அள்ளுவது உங்கள் ஊற்றை.