கேள்வி - பதில்: எரித்தவளும் எரிந்தவனும்

கே: 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' விளையாட்டில் ஒரு நகரத்தையே எரித்த சில்வானாஸுக்குக் கிடைத்தது நியாயமான தண்டனையா?
- வாசகர், கினிகத்தேனை

ப: தண்டனை நியாயம். அதற்கு வந்த வழிதான் கோணல். 2018இல் டெல்ட்ராசில் என்ற மரநகரம் அவள் கட்டளையால் எரிந்தது. 2022இல் தீர்ப்பு, எரிந்த மக்களின் தலைவி டைராண்டேயின் கைக்கு வந்தது. நரகத்தில் சிக்கிய உயிர்களை ஒன்று விடாமல் மீட்டு வா என்றாள். இழந்தவள் வாயாலேயே தீர்ப்பு வந்தது அருமை. ஆனால் அதற்குமுன், சில்வானாஸின் ஆன்மாவில் பாதி பறிபோயிருந்தது என்று சொல்லிவிட்டார்கள். எரித்தபோது அவள் முழுசாக இல்லை என்றால், இப்போது திருந்துவது யார்?

கே: வில்லன் எப்படி உருவாக வேண்டும்?
- வாசகர், ஹட்டன்

ப: 2002இல் வந்த 'வோர்கிராஃப்ட் 3'இல் ஆர்தஸ் உருவான மாதிரி. ஸ்ட்ராத்ஹோம் நகரத்தார் நோய்த் தானியம் உண்டுவிட்டார்கள்; பிணப்படையாக மாறுமுன் கொன்றுவிடலாம் என்கிறான் இளவரசன். அந்தக் கொலையைச் செய்வது ஆடுகிறவரின் கை! காரணம் சொல்லிச் சொல்லியே ஒருவன் கெட்டுப்போவதை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது.

கே: நம்மிடம் இப்படிக் கதை இல்லையா?
- வாசகி, வட்டவளை

ப: மாசியில் தோட்டத்துக் காமன் கூத்துக்குப் போய்ப் பாருங்கள், அம்மா. சிவன் தவத்தைக் கலைத்தான் மதன், நெற்றிக்கண்ணில் எரிந்தான். அவனை அனுப்பியதோ தேவர்கள். ஏவியவர்கள் மேலே சுகமாக இருக்க, ஏவலுக்குப் போனவன் சாம்பல். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வழக்கை விளக்க வேண்டியதில்லை. மதனின் மனைவி ரதி அழுதுவிட்டு ஒதுங்குகிறவள் இல்லை, நியாயம் கேட்கிறவள். கடைசியில் மதன் எழுகிறான், அதுவும் அவள் கண்ணுக்கு மட்டும். உயிர் வந்தும் பழைய உடம்பு வரவில்லை. அந்தக் குறையைக் கதை மறைக்கவில்லை. தமிழ்நாட்டு லாவணிக்காரர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து விடியவிடிய வாதாடியது இவனுக்காகத்தான். சில்வானாஸ் ரசிகர்களுக்கு நம்மவர்கள் மூத்தவர்கள்!

கே: நீங்கள் ஒரு விளையாட்டுக்குக் கதை எழுதினால்?
- மாணவர், கினிகத்தேனை

ப: ரதிதான் நாயகி, தம்பி. முதல் கட்டத்திலேயே மதன் எரிந்துவிடுவான். அவனை அனுப்பிய ஒவ்வொரு தேவரையும் அவள் தேடிப்போய்ப் பதில் கேட்பாள். கைலாசம் நடுவில் வரும். கடைசிக் கட்டம் இந்திரன் மாளிகை.