குழியும் போட்டோவும்

எங்கள் சிவகங்கைச் சீமையில் அரசாங்கம் ஒருவருக்கு வேலை கொடுக்கிறது என்றால், கண்மாயில் மண் அள்ளச் சொல்கிறது என்று அர்த்தம். 1980-களின் தொடக்கத்தில் என் அப்பத்தா அள்ளிய அதே கண்மாயில்தான் இப்போது என் மதினி அள்ளுகிறார். அள்ளிய மண்ணில் பாதி அடுத்த மழைக்கே உள்ளே இறங்கிவிடுவதால், வேலைக்குப் பஞ்சம் வந்ததில்லை. கூலிக்குத்தான் அவ்வப்போது வரும்.

1977-இல் டெல்லியில் ‘வேலைக்கு உணவு’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 1980 அக்டோபரில் அது தேசிய ஊரக வேலைவாய்ப்புத் திட்டம் ஆனது. கூலியில் ஒரு பங்கு பணம், ஒரு பங்கு தானியம். எங்கள் ஊருக்கு வந்த தானியம் கோதுமை. வரகும் குதிரைவாலியும் தின்று வளர்ந்த அப்பத்தா அதை ஊறப்போட்டுப் பார்த்தாள், உரலில் இடித்துப் பார்த்தாள், களி கிண்டிப் பார்த்தாள். அகப்பையை விட்டுக் களி வரவில்லை. கடைசியில் மளிகைக் கடையில் கொடுத்துவிட்டு, அதில் பாதி எடைக்கு நொய்யரிசி வாங்கிக்கொண்டு வந்தாள். கோதுமை அப்புறம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. கடைக்காரரின் மைத்துனர் டவுனில் சப்பாத்திக் கடை போட்டது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்தக் காலத்தில் ஆளை நம்ப மாட்டார்கள், குழியை நம்புவார்கள். பத்தடிக்குப் பத்தடி கயிறு கட்டி ஒரு அடி ஆழம் வெட்ட வேண்டும். வெட்டும்போது நடுவில் கொஞ்சம் மண்ணைத் தொடாமல் திட்டாக விட்டுவைக்க வேண்டும். ஓவர்சியர் வந்து அந்தத் திட்டின் உச்சியிலிருந்து டேப்பை இறக்கி ஆழம் பார்ப்பார். இரண்டு சட்டி மண்ணைத் திட்டின் தலையில் ஏற்றி, மேலே புல்லை ஒட்டவைத்தால் ஆழம் நாலு விரல் கூடும். இதில் தேர்ந்தவர்களை எங்கள் ஊரில் ‘இன்ஜினியர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஓவர்சியரும் லேசுப்பட்டவரல்ல. மழை பெய்து குழி நிரம்பிய பிறகு சைக்கிளில் வந்து இறங்குவார். தண்ணீருக்குள் டேப் எதற்கு என்று கரையில் நின்றபடியே உத்தேசமாக எழுதிக்கொள்வார். அந்த உத்தேசம் ஒரு தடவைகூட அப்பத்தா பக்கம் சாய்ந்ததில்லை.

பிறகு நானே ஒரு யூனியன் ஆபீஸில் இளநிலை உதவியாளராகப் போய்ச் சேர்ந்தேன். கரையில் எழுதிய உத்தேசம் எம்.புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், ஏறியதும் எப்படி இரண்டு தசம ஸ்தானத்துக்குச் சுத்தமாகிவிடுகிறது என்பதை அங்கேதான் பார்த்தேன். எங்கள் எம்.புக்குகளை மட்டும் நம்பினால், சில கண்மாய்களில் இந்நேரம் கப்பல் விட்டிருக்கலாம். திட்டத்தில் காண்ட்ராக்டர் கூடாது என்பது விதி. விதியை நாங்கள் மீறியதே இல்லை; காண்ட்ராக்டரின் மச்சான்தான் எப்போதும் பயனாளிகள் குழுத் தலைவராக இருந்தார்.

பேர் மட்டும் அடிக்கடி மாறும். 1983-இல் நிலமற்ற தொழிலாளருக்கென்று ஒரு திட்டம் சேர்ந்தது. 1989-இல் எல்லாம் கலந்து ஜவஹர் வேலைவாய்ப்புத் திட்டம் ஆனது. 1999-இல் அது கிராம சம்ரிதி, 2001-இல் சம்பூர்ண கிராமின் ரோஜ்கார். கடைசி இரண்டையும் எங்கள் சேர்மனால் ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் பழைய ஸ்டாம்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது செய்வோம். உறுதியளிக்கப்பட்ட வேலைவாய்ப்பு என்பதை என் சர்வீஸில் முழுமையாக அனுபவித்தவர், யூனியன் ஆபீஸுக்கு எதிரே ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டிருந்தவர்தான்.

வேலை கேட்டு வருகிறவன் மீது அரசாங்கத்துக்கு இவ்வளவு சந்தேகம் எங்கிருந்து வந்தது? ரிட்டயர் ஆன பிறகு தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தபோது ஆளே கிடைத்துவிட்டார். பேர் சர் ரிச்சர்ட் டெம்பிள். 1873–74-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசியைக் கப்பல் கப்பலாக வரவழைத்துக் கொட்டினார் இவர். பட்டினிச் சாவு அநேகமாக இல்லை. அதற்காக மாலை போட்டிருக்க வேண்டும். பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று திட்டித் தீர்த்தார்கள். அந்தக் கெட்ட பேரைக் கழுவிக்கொள்ள 1877 ஜனவரியில் அவருக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. தாது வருஷப் பஞ்சத்தில் கிடந்த மதராஸுக்கு வைஸ்ராய் லிட்டன் அவரை அனுப்பினார். நிவாரண வேலை செய்யும் ஆம்பளைக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, மேலே கொஞ்சம் சில்லறை போதும் என்றார். மண் சுமப்பவனுக்கு இது காணாது என்று மதராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். அப்புறம் மதராஸ் அரசு கூலியைக் கொஞ்சம் உயர்த்தியது. அதற்குள் சில மாதங்கள் போய்விட்டன. பஞ்சத்தில் சில மாதம் என்பது சின்னக் கணக்கு அல்ல.

கூலியைவிட என்னை உலுக்கியது தூரம். வேலைத்தளம் வீட்டிலிருந்து பத்து மைலாவது தள்ளி இருக்க வேண்டும் என்றார்கள். பக்கத்தில் இருந்தால் பசிக்காதவனும் வந்துவிடுவானாம். பத்து மைல் நடந்து வந்து சேர்ந்தால் அவன் உண்மையிலேயே பட்டினி கிடக்கிறான் என்று தெரிந்துகொள்ளலாமாம். நடந்து வர முடியாத அளவுக்குப் பட்டினி கிடந்தவனை எந்தக் கணக்கில் எழுதினார்களோ! சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் அந்தப் பஞ்சத்து ஜனங்கள் வெட்டியதுதான். அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனின் பேர் அதற்கு நிலைத்தது. வெட்டியவர்களின் பேர் எந்த மஸ்டர் ரோலில் இருந்ததோ, அதைக் கரையான் தின்றிருக்கும்.

ஆகவே 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தை நான் நக்கல் செய்ய மாட்டேன். டெம்பிளின் உத்தரவைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தது மாதிரி இருந்தது அது. வேலை ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் பத்து சதவீதம் கூடுதல் கூலி. கேட்ட பதினைந்து நாளில் வேலை தர வேண்டும், தராவிட்டால் வேலையில்லாப் படி. தளத்தில் நிழல், குடிதண்ணீர், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள். எல்லாவற்றுக்கும் மேலே, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. முதல் கட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆறு மாவட்டங்களை எடுத்தார்கள். சிவகங்கை அதில் ஒன்று. 2006-இல் நாளைக்கு 80 ரூபாய். அது 2025-இல் 336 ஆனது. குழியின் அளவு குறைந்தால் கூலியும் குறையும் என்பதால், 336 முழுசாகக் கைக்கு வந்த நாளை மதினி திருவிழா மாதிரி நினைவு வைத்திருக்கிறார்.

முதலில் ரொக்கத்தைத் தளத்திலேயே எண்ணிக் கொடுத்தார்கள். நடுவில் உருவுகிறார்கள் என்று வங்கிக்கு மாற்றினார்கள். அது நல்ல காரியம்தான். ஆனால் பணம் எடுக்க விரல் வைக்க வேண்டும். கைக்கருவியை எடுத்துக்கொண்டு வங்கி முகவர் ஊருக்கு வந்தார். மதினி கட்டைவிரலை வைத்தார், ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல், அதுவும் இல்லை. சேலையில் துடைத்து, எச்சில் தொட்டு, பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. மண்வெட்டி பிடித்த கையில் ரேகை எங்கே இருக்கும்? வேலை செய்தார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கருவிக்கு அது புரியவில்லை, “மறுபடி முயற்சிக்கவும்” என்றது. 2024 ஜனவரி முதல் ஆதார் வழியாகத்தான் கூலி என்று ஆக்கிவிட்டார்கள்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 2023 ஜனவரி முதல், எல்லாத் தளத்திலும் செல்போன் வருகைப்பதிவு. காலையில் ஒரு போட்டோ, மத்தியானத்துக்கு மேல் ஒரு போட்டோ, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையோடு. எங்கள் ஊரில் பணித்தளப் பொறுப்பாளர் ப்ளஸ் டூ முடித்த ஒரு பெண். கண்மாய்க்குள் சிக்னல் கிடையாது, கரைமேல் ஆலமரத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கோடு வரும். ஆகவே எல்லோரும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கரையேறி வரிசையாக நிற்க வேண்டும். “அத்தே, சும்மாட்டை எடு. முகம் விழல.” “பெரியம்மா, வெயிலப் பார்த்துத் திரும்பு.” படம் சுற்றிக்கொண்டே இருக்கும். அது ஏறும் வரை யாரும் இறங்குவதில்லை. ஏறாவிட்டால் அன்றைக்கு ஆப்செண்ட். ஒருநாள் மதினி என்னிடம் கேட்டார்:

“ஏன் தம்பி, குனிஞ்சு வெட்டுறத எடுக்க மாட்டேங்குது, நிமிந்து நிக்கிறதத்தான் எடுக்குது. நின்னதுக்கா கூலி குடுக்குறாக?”

முப்பத்துச் சொச்சம் வருஷம் ஃபைல் பார்த்த எனக்குப் பதில் வரவில்லை. அப்பத்தா காலத்தில் ஆள் வராமலே குழி கணக்கில் ஏறியது. இப்போது ஆள் நின்றது கணக்கில் ஏறுகிறது, குழியை அளக்க ஓவர்சியர் இன்றைக்கும் மழைக்கு அப்புறம்தான் வருகிறார். சைக்கிளுக்குப் பதில் பைக்.

டெல்லியிலும் யாரோ விழித்துக்கொண்டார்கள். 2025 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை: வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், போட்டோவையே போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள், படத்தில் நிற்கும் தலைக்கும் பட்டியலில் இருக்கும் தலைக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. பரிகாரம் என்ன தெரியுமா? ஊராட்சியில் ஏறும் ஒவ்வொரு படத்தையும் ஓர் ஆள் உட்கார்ந்து கண்ணால் சரிபார்க்க வேண்டும். மனிதனை நம்ப முடியாது என்று மிஷினைக் கொண்டுவந்தார்கள். மிஷினை நம்ப முடியாது என்று திரும்ப மனிதனிடமே வந்து நின்றார்கள். நல்லவேளை, அதற்குள் நான் ரிட்டயர் ஆகிவிட்டேன்.

சந்தேகம் ஒருவழிப் பாதை என்பதுதான் எனக்குத் தீராத வயிற்றெரிச்சல். மதினி பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் அன்றைய கூலி போச்சு. கூலி தாமதமாக வந்தால்? அதற்கும் சட்டத்தில் நஷ்டஈடு உண்டு. மஸ்டர் ரோல் முடிந்து பதினைந்து நாளுக்கு மேல் போனால், நாளொன்றுக்கு 0.05 சதவீதம். 3,000 ரூபாய் பாக்கி என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய். ஒரு மாசம் இழுத்தடித்தால் 45 ரூபாய். அரசாங்கம் மதினியிடம் இந்த வட்டிக்குக் கடன் வாங்கலாம். மதினி அந்த மாசத்தை ஓட்ட மகளிர் குழுவில் வாங்கும் கடனுக்கு வட்டி வேறு. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய கூலி பாக்கி 4,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது என்று ஊரெல்லாம் ஆர்ப்பாட்டம் நடந்தது. டெல்லிக்காரர்கள் யாரையும் வரிசையில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்ததாகத் தெரியவில்லை.

“மரத்தடியில உக்காந்து பல்லாங்குழி ஆடிட்டுச் சம்பளம் வாங்குறாளுக” என்று டீக்கடையில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். பேசுகிறவர் பெரும்பாலும் காலை பத்து மணிக்கு டீக்கடையில் இருப்பவர். ஆடுகிறவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஆபீஸில் பதினோரு மணி டீ பன்னிரண்டு வரை நீளும், கிரிக்கெட் இருந்தால் ஒரு மணி. யாரும் குழியை அளக்கவில்லை. மாசம் முதல் தேதி சம்பளம் வந்தது, இப்போது பென்ஷன் வருகிறது.

சீமைக் கருவேலத்தையும் சொல்லிவிடுகிறேன். விறகுக்காகும் என்று அந்த விதையை எங்கள் பக்கம் தூவச் செய்ததே சர்க்கார்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது கண்மாயெல்லாம் அடைத்துக்கொண்டது. பிறகு அதைப் பிடுங்குவதற்கு ஆள் தேவைப்பட்டது. கூலி கொடுத்து மதினிகளை இறக்கினார்கள். வேலைவாய்ப்பை உருவாக்குவது என்றால் இப்படி முன்யோசனையோடு உருவாக்க வேண்டும்.

இப்போது மறுபடி பேர் மாறுகிறது. 2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் நிறைவேறியது. 125 நாள் வேலை என்கிறார்கள், செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில். விதைப்பு, அறுப்புக் காலங்களில் வருஷத்துக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கலாமாம், விவசாயத்துக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்று. சட்டம் ஊருக்குள் வந்து சேரும் முன்பே எங்கள் சித்தப்பா அதை அமல்படுத்தக் கிளம்பிவிட்டார். தை மாசம் ஒரு சாயங்காலம் மதினி வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“ஏத்தா, மிளகாய்த் தோட்டத்துல களை மண்டிக் கிடக்கு. இனிமே கண்மாய் வேலைக்கு ரெண்டு மாசம் லீவாம்ல. நாளைக்கு நாலு பேரக் கூட்டிட்டு வா.”

“வாரேன் மாமா. கூலி எவ்வளவு?”

“பொம்பளைக்கு முன்னூறு.”

“ஆம்பளைக்கு?”

“அது… அறுநூறு. அவன் வேற வேலை, நீ வேற வேலை.”

“ரெண்டு பேருமே களைதான மாமா வெட்டுறோம். கண்மாயில ஒரே கூலி.”

“கண்மாயில நீங்க என்னத்த வேலை பாத்தீக?”

“அப்ப நாலு போட்டோ எடுத்துக்கங்க. காலையில ரெண்டு, சாயந்தரம் ரெண்டு.”

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி, நானூறு என்றார்.