ஓரங்குலப் பிரபுக்கள்

ஓய்வு நேரத்தைப் போக்குவதற்கு மனிதர்கள் கண்டுபிடித்திருக்கும் உபாயங்களுள், ஐரோப்பாவின் மத்திய காலத்துப் போர்வீரனை 28 மில்லிமீட்டர் உயரத்தில் உருவாக்குவதைப் போலக் கண்ணுக்குக் கெடுதலையும் கைக்குப் பிரயாசையையும் ஒருங்கே தரவல்ல பிறிதொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எனினும், இராச் சாப்பாடு முடிந்து, நல்லவர்கள் எல்லோரும் உறங்கப் போகும் வேளையில், மேஜை விளக்கை அருகே இழுத்துக்கொண்டு, பல் வைத்தியர்கள் உபயோகிக்கும் எஃகுக் கருவியும் தையல் ஊசியுமாக நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

இதற்கென விற்கும் பசை நீலமும் மஞ்சளுமாக இரண்டு பாகங்களில் வரும். சேர்த்துப் பிசைந்தால் பச்சையாகிவிடும். ஆகையால் அதற்குக் ‘கிரீன் ஸ்டஃப்’ என்று பெயர். ஒன்றரை மணி நேரம் சொன்னபடி வளைந்து கொடுக்கும்; பிறகு யார் சொன்னாலும் கேளாது. கம்பியால் எலும்புக்கூடு, அதன்மேல் தேகம், தேகம் இறுகிய பின் உடை, உடை இறுகிய பின் கவசம் என்று படிப்படியாகச் சிருஷ்டி நடைபெற வேண்டும். பிசைந்ததில் மிஞ்சியதைக் குளிர்ப்பெட்டியின் உறைபனி அறையில் வைத்தால் இறுகுவது தாமதப்படும் என்பது அனுபவசாலிகளின் வாக்கு. அங்கே பச்சைப் பட்டாணியும் இருக்கிறது என்பது என் தர்மபத்தினியின் ஆட்சேபம்.

இந்தக் கலைக்கு ஆதாரம் பொய். ஆளை ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்காகச் சுருக்குகிறோம். அசல் வாளின் கனம் ஐந்து மில்லிமீட்டர் என்றால், அந்தக் கணக்குப்படி என் வீரனுடைய வாள் காகிதத்தின் கனத்துக்கு வந்துவிடும். பசை உருவத்தை அச்செடுத்து வார்க்கும்போது, உருக்கிய உலோகம் அச்சுக்குள் அத்தனை மெல்லிய இடத்தில் புகாது, புகுந்தாலும் விரல் பட்டதும் மடங்கும். எனவே ஒரு மில்லிமீட்டர் கனத்தில் செய்கிறோம். திரும்ப அசல் அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் அந்தப் பிரபு ஆறு சென்டிமீட்டர் கனமுள்ள இரும்புக் கட்டையைச் சுழற்றுகிறார். தலையும் கைகளும் இதே நியாயத்தால் பருத்துப் போகின்றன. இவ்வளவு பொய்யையும் கூசாமல் சொல்லுகிற நாங்கள், சரித்திரத்தில் மட்டும் அரிச்சந்திரர்கள். வீரனின் தலை பூசணிக்காயாக இருக்கலாம். அந்தப் பூசணிக்காயின்மேல் உள்ள சிரஸ்திராணம் நாற்பது வருஷம் பிந்தியதாக இருந்துவிட்டால் அது மன்னிக்க முடியாத அபசாரம்!

ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய 1415ஆம் வருஷத்து அஜின்கூர்ப் போரில் ஆங்கில வில்லாளிகள் பலர் கவசமின்றி, கால்சராய் முழங்காலில் தொங்க நின்றார்கள் என்று அக்காலத்துச் சரித்திரக்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்கு முன் ஆர்ஃப்ளர் முற்றுகையில் சேனையைப் பிடித்த சீதபேதியே காரணம் என்று ஊகிப்பவர்கள் உண்டு. கவசத்தின் வளையங்களை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தித் தீர்க்க வேண்டியவனுக்கு, இப்படிப்பட்ட வீரர்களிடம் உண்டாகும் பக்திக்கு அளவில்லை.

“ஏங்க, முதுகுப் பக்கத்தை யார் பார்க்கப் போறாங்க?” என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். வாரிக் நகரத்து செயின்ட் மேரி தேவாலயத்தில், 1439இல் காலமான ரிச்சர்ட் பீச்சம் பிரபுவின் உலோக உருவம் சமாதியின்மேல் மல்லாந்து கிடப்பதையும், முந்நூறு வருஷங்களுக்கு மேல் சென்றபின் சார்லஸ் ஸ்டாத்தர்ட் என்ற சித்திரக்காரர் அதைப் புரட்டிப் பார்த்தபோது, முதுகுக் கவசமும் ஒரு குறைவில்லாமல் செய்யப்பட்டிருந்ததையும் நான் உருக்கமாக எடுத்துரைத்தேன்.

“அதைச் செஞ்சவருக்குக் கூலி கொடுத்திருப்பாங்க” என்றாள்.

இதற்கு மறுமொழி கிடையாது.

குதிரை விஷயத்தை மட்டும் அவளிடம் நான் பிரஸ்தாபிப்பதில்லை. நாட்டிங்ஹாமில் பெர்ரி சகோதரர்கள் என்று, இந்தச் சிற்றுருவங்கள் செய்வதில் கீர்த்தி பெற்ற இரட்டையர் இருக்கிறார்கள். அவர்களில் மைக்கேல் 1996இல் பழைய போர் ஒன்றை நடித்துக் காட்டும்போது பீரங்கி விபத்தில் வலக்கையை இழந்து, இடக்கையைப் பழக்கிக்கொண்டு மறுபடியும் உருவங்கள் செய்யலானார். இரண்டு கைகளும் உள்ள எனக்கோ குதிரையின் பின்னங்கால் இன்றுவரை வசப்படவில்லை. நல்லவேளையாக, 13, 14ஆம் நூற்றாண்டுகளின் பிரபுக்கள் தங்கள் குதிரைகளுக்குக் குலச்சின்னம் பொறித்த துணியைக் கால்வரை போர்த்தி அழைத்துப் போனார்கள்; ஆதலால் என்னிடமுள்ள குதிரை வீரர் அனைவரும் அந்தக் காலத்தவரே. 1415க்கு உரியவர்களை நடக்க வைத்துவிடுகிறேன். அஜின்கூரில் பிரெஞ்சுப் பிரபுக்களிலும் பெரும்பாலோர் குதிரையை விட்டு இறங்கி நடந்துதான் போரிட்டார்கள் என்பதற்குத் தக்க ஆதாரம் இருக்கிறது.