ஏலமலை ஜீப்களில் நண்பகற்படுக்கை: ஒரு பன்முக நோக்கு

இத்துறையில் ஓர் ஆய்வு இடைவெளி இருக்கிறது. கருத்தரங்கக் கட்டுரை என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே இருக்கிறது. மகிந்திரா கமாண்டர் ஜீப்பின் பின்பக்கம் எதிரெதிரே ஓடும் இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவில், ஏறியவர்களின் முழங்கால்கள் முட்டிக்கொள்ளும் பள்ளம்தான் அது. அதை நிரப்பாமல் அங்கே மனிதர் படுக்க முடியாது. எதைக் கொண்டு நிரப்புகிறார்கள், நிரப்பியபின் காலை எங்கே வைக்கிறார்கள் ஆகிய இரண்டும் இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்கள். கருதுகோள்: படுத்தால் தூக்கம் வரும். இது ஓரளவு மெய்ப்பிக்கப்பட்டுள்ளது.

களமும் திணையும்

களம், இடுக்கி மாவட்டம் வண்டன்மேடு. 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது மலை கேரளத்தோடு நின்றது. அந்த மலையில் ஏலக்காய் பறிக்கும் கைகளில் பலவும் இன்றுவரை தேனி மாவட்டத்திலிருந்துதான் தினமும் ஏறுகின்றன. கூடலூர்க்காரர்கள் லோயர்கேம்ப் தாண்டிக் குமுளி வழியாக. கம்பத்தார் கம்பம்மெட்டு வழியாக. போடிக்காரர்கள் 17 கொண்டையூசி வளைவு சுற்றிப் போடிமெட்டு வழியாக. கருக்கலில் கிளம்பும் ஜீப் ஆட்களைத் தோட்டத்தில் இறக்கிவிடும். ஆட்கள் காய் எடுக்கவோ கவாத்துக்கோ உள்ளே போய்விடுவார்கள். மாலை அவர்கள் திரும்பும்வரை ஓட்டுநருக்கு ஜீப்பும் மழையும்தான் துணை. இந்த இடைப்பட்ட நேரமே நம் ஆய்வுக் காலம்.

தமிழில் எதை ஆராய்ந்தாலும் திணை சொல்லியாக வேண்டும். இடம் மலை, ஆகவே நிலம் குறிஞ்சி. குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம். ஓட்டுநர் படுப்பதோ மதியச் சாப்பாட்டுக்குப் பின், பாலைக்குரிய நண்பகலில். படுத்தவர் செய்வதோ ஆள் வரும்வரை காத்துக் கிடப்பது. இருத்தல், அதாவது முல்லையின் உரிப்பொருள். ஒரே ஜீப்பில் மூன்று திணை. நிலம்தான் மயங்கக் கூடாது, பொழுது மயங்கலாம் என்று தொல்காப்பியம் விட்டுக்கொடுத்திருப்பதால் ஓட்டுநர் தப்பித்தார். ஜீப் டாப் ஒழுகி உள்ளே தண்ணீர் தேங்கினால் நெய்தலையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றொரு கருத்து உண்டு (கம்பம்மெட்டு டீக்கடை, வெளிப்பெஞ்சு, இடது ஓரம்). அது மிகை.

முன்னோடிகள்

வெளிநாட்டார் பெயரை முதலில் போடுவது மரபு, போட்டுவிடுகிறேன். ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் கழற்றி மாட்டக்கூடிய படுக்கைப் பெட்டியை ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-இல் செய்து விற்றது. உலகம் இங்கிருந்துதான் கணக்கை ஆரம்பிக்கிறது. உலகத்துக்குப் பெரும்பாணாற்றுப்படை தெரியாது. பாணனைத் தொண்டைமான் இளந்திரையனிடம் அனுப்பும் வழியில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உப்பு விற்கும் உமணரின் வண்டியைக் காட்டுகிறார். அதில் கோழி அடையும் கூடு இருக்கிறது. சிறிய உரல் தொங்குகிறது. காடி வைத்த கலம் இருக்கிறது. பிள்ளைக்காரி ஒருத்தி மாட்டை ஓட்டுகிறாள். சமையற்கட்டு, ஊறுகாய், முட்டை எல்லாம் ஓடுகிற வண்டியிலேயே. புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் அதே உமணர் வண்டிக்கு அடியில் ஒரு மாற்று அச்சையும் கட்டிவைக்கிறார், அது ஸ்டெப்னி. ஆகவே கேம்பர்வேன் தமிழனுடையது. இதை நிறுவ எனக்கு ஒரு பத்தி தேவைப்பட்டது. இதே முறையியலைக் கைக்கொள்ளும் மூத்த அறிஞர்கள் அரைப் பத்தியில் ஆகாய விமானத்துக்குப் போய்விடுகிறார்கள்.

உமணர் எங்கே படுத்தார்கள் என்பதைப் புலவர் சொல்லவில்லை. உரலுக்கு இடம் தெரிகிறது, ஆளுக்கு இடம் தெரியவில்லை. பத்துப்பாட்டை உ.வே.சாமிநாதையர் 1889-இல் அச்சேற்றிய நாளிலிருந்து இக்கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது.

அடுத்து கூண்டு வண்டி. வைக்கோல் பரப்பி ஜமக்காளம் விரித்தால் படுக்கை. வழியில் மாட்டுக்குப் பசித்தால் படுக்கையிலிருந்து ஒரு பிடி உருவிப் போடலாம். படுக்கையே எரிபொருளாகவும் இருக்கும் இந்த வசதியை வெஸ்ட்ஃபாலியா இன்றுவரை எட்டவில்லை.

வகைப்பாடு

முன்சீட்டில் படுப்போர்: கியர் ராடு விலாவில் குத்தும். அவ்வளவே.

டாப் கேரியரில் படுப்போர்: மழையில்லாத நாளில் மட்டும். வண்டன்மேட்டில் தரவு போதவில்லை.

லாரிக்கு அடியில் தூளி கட்டிப் படுப்போர்: சேஸிஸில் கயிறோ பழைய சேலையோ கட்டி, தரைக்கு ஒரு சாண் மேலே தொங்குவார்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயமாகிவிட்டதால் இவர்கள் அருகிவரும் இனம் என்று அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது. ஏசி ஓட்டுநருக்கு, தூளி கிளீனருக்கு. அருகாது.

பலகையில் படுப்போர்: இவர்களே நம் ஆய்வுப் பொருள். பலகை என்பது இரண்டு பெஞ்சின் விளிம்பிலும் உட்காரும் அளவுக்கு அறுத்த பிளைவுட். அடிப்புறம் இரண்டு ரீப்பர் கட்டைகள் ஆணியடிக்கப்பட்டிருக்கும். அவை பள்ளத்துக்குள் இறங்கி நிற்பதால் புரண்டு படுத்தாலும் பலகை நகராது. மேலே, கழித்துப்போட்ட பஸ் சீட்டின் ஸ்பாஞ்ச். அதற்கு ரெக்சின் உறை. ஜீப்புக்கு டாப் தைத்துக் கொடுத்த கடைக்காரரே மிஞ்சிய துண்டில் உறையும் தைத்துக் கொடுப்பதால் மெத்தையும் கூரையும் ஒரே நிறத்தில் இருக்கும். உள்ளலங்காரக் கலைஞர்கள் இதற்குத் தனிக்கூலி வாங்குகிறார்கள். டாஷ்போர்டில் ஒரு 12 வோல்ட் ஃபேன், பெயருக்கு. பின்கம்பியில் உப்பு முடிந்த துணிப்பொட்டலம் ஒன்று தொங்கும். அது திருஷ்டிக்கு அல்ல, அட்டைக்கு. ஏலக்காட்டில் மழைக்காலத்தில் படுக்கைக்கு யார் முதலில் வருகிறார் என்பதில் ஓட்டுநருக்கும் அட்டைக்கும் நெடுங்காலப் போட்டி.

கால் சிக்கல்

பெஞ்சு எந்த ஓட்டுநரையும்விடக் குட்டை. கணக்குக்கு எளிதாகப் படுக்கும் இடம் நான்கடிக்கு மூன்றடி என்று வைத்துக்கொண்டால், பித்தாகரஸ் சொன்னபடி மூலைவிட்டம் ஐந்தடி. ஓட்டுநர் ஐந்தரை அடி. எஞ்சும் அரையடி பற்றியதே இவ்வியல்.

மடக்குநர் என்போர் பழைமைவாதிகள். முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுப்பர். எழுந்தபின் சிறிது நேரத்துக்கு அவர்களால் கிளட்சை மிதிக்க இயலாது என்று எதிர்த்தரப்பு வாதிடும் (மேற்படி டீக்கடை, மேற்படி பெஞ்சு, வலது ஓரம், இடது ஓரத்தை முறைத்தபடி). மூலைவிட்டத்தார் ஒன்றரை அடியை அரையடியாகக் குறைத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வர். தலையைச் சற்றே வளைத்தால் மீதியும் தீரும் என்பர். அவர்கள் கழுத்து நேராக இருந்ததை நான் பார்த்ததில்லை.

நீட்டுநர்தாம் புரட்சியாளர். பின்பக்கப் படுதாவை இரண்டு பித்தான் கழற்றிக் காலை வெளியே விட்டுவிடுவர். உடம்பு தமிழ்நாட்டு ஜீப்புக்குள், பாதம் கேரளத்து மழையில். மழைக்கு மறுமொழியாக உருவானதே பாத உறை: தோட்டத்து உரச்சாக்கின் உள்ளே வரும் பிளாஸ்டிக் பையை இரண்டு காலுக்கும் சேர்த்து மாட்டி, கணுக்காலில் ரப்பர் பேண்டு போடுவது. இங்கேதான் நீட்டுநர் மரபு இரண்டாக உடைகிறது.

யூரியாப் பையா, பொட்டாஷ் பையா? யூரியாப் பையை ஆதரிப்போர் அதன் மென்மையைச் சொல்வர். பொட்டாஷ் தரப்போ, பையின் மூலையில் ஒட்டியிருக்கும் உப்புக்கு அட்டை அஞ்சும் என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கப் பார்க்கும். யூரியாவும் ஒரு வகை உப்புதானே என்று வெளியாள் கேட்டால் இரு தரப்பும் ஒன்றுசேர்ந்து அவரைப் பார்க்கும். இரண்டு கால்களுக்கும் ஒரே பை கூடாது, நடுவில் ஆள் கூப்பிட்டால் குதித்தோட முடியாது என்று கூறும் இரட்டைப்பைவாதிகள் பின்னால் தோன்றினர் (மேற்படி பெஞ்சு, நடுப்பகுதி, இரு ஓரங்களையும் சமாதானப்படுத்தும் நோக்கில், வாயில் பருப்புவடை இருந்தபோது. ஆகவே சில மெய்யெழுத்துகள் ஐயத்துக்குரியவை). ஒருமுறை ஒற்றைப்பைக்காரர் ஒருவர் ஹாரன் சத்தம் கேட்டுப் பையோடு எழுந்து, ஜீப்பிலிருந்து தேயிலை மேட்டுவரை குதித்தே போனதாக ஒரு வரலாறு வழங்குகிறது (ஓட்டுநர் சொன்னதாகக் கிளீனர் சொல்ல, கிளீனர் சொன்னதாக டீ மாஸ்டர் சொன்னது; சொல்லும்போது டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்ததால் வாக்கியம் இரண்டு தடவை மேலே போய்க் கீழே வந்தது; நுரையில் மறைந்த பகுதியை அடைப்புக்குறிக்குள் நானே நிரப்பியிருக்கிறேன், பதிப்பாசிரியர்கள் எல்லோரும் செய்வதுதான்). ஏலக்காட்டின் நடுவே தேயிலை மேடு எப்படி வந்தது என்பது இடைச்செருகலா, பாடபேதமா? இதைப் பற்றித் தனிக்கட்டுரை எழுதி முடித்துவிட்டேன். தலைப்பை மட்டும் மாற்றி நான்கு கருத்தரங்குகளுக்கு அனுப்பியிருக்கிறேன். நான்கிலும் சான்றிதழ் உறுதி.

தலையணை

மடித்த மழைக்கோட்டு, ஸ்வெட்டர் சுற்றிய தூக்குவாளி, ஒன்றுமில்லாவிட்டால் முழங்கை. எனினும் வரலாறு காணாத தலையணை ஒன்று உண்டு. 2019 ஆகஸ்டில் புற்றடி ஸ்பைசஸ் பார்க் ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்தக் காயை ஐம்பது கிலோ மூட்டையாகக் கட்டி ஜீப்பில் ஏற்றியிருந்தால், காவலுக்குப் படுத்தவர் தலையை வைக்க அதைவிட்டால் வேறு இடம் இல்லை. மூன்றரை லட்சம் ரூபாய்த் தலையணை. அன்னத்தூவி மெத்தையில் கிடந்த மன்னர்களுக்கும் இது வாய்த்ததில்லை. ஆனால் அன்று அவர் தூங்கியிருக்க மாட்டார் என்பதால் நம் கருதுகோள் இங்கே சறுக்குகிறது.

சட்டப் பார்வை

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, வண்டியைப் பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு முரணாக மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அப்படியென்றால் பலகை? ஆணி பலகையில்தான் இறங்கியிருக்கிறது, ஜீப்பில் இறங்கவில்லை. ஆகவே அது மாற்றம் அல்ல, சாமான். இந்த நுட்பத்தை எனக்கு விளக்கியவர் வக்கீல் அல்ல, ரீப்பர் அறுத்துக் கொடுத்த ஆசாரி.

இதற்கிடையில் கேரளச் சுற்றுலாத் துறை 2021-இல் கேரவன் கொள்கையை அறிவித்தது. முதல் கேரவன் பூங்கா 2022-இல் வாகமணில் திறக்கப்பட்டது. அதுவும் இதே இடுக்கி மாவட்டம்தான். சோபாவை விரித்தால் கட்டில், ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், கழிப்பறை. மலையில் வண்டிக்குள் காசு கொடுத்துப் படுத்தால் சுற்றுலா. காசில்லாமல் படுத்தால் ஓரமாக எடுத்து நிறுத்தச் சொல்வார்கள். மோட்டார் கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்று ஒரு தரவிதியே இருக்கிறது. பொட்டாஷ் பை பற்றி அது வாய் திறக்கவில்லை.

ஆய்வு எல்லை

மாலையில் பலகை முன்சீட்டின் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பெஞ்சுகள் நிறையும். இருட்டிலேயே எழுந்து சோறு கட்டிக்கொண்டு வந்து, நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு, செடியின் தூரில் சரம் சரமாகக் காய் பறித்த பெண்கள், ஈரச் சேலையோடு ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொள்வார்கள். ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் தூக்கம்; வளைவில் விழிப்பு; மறுபடி தூக்கம். அடிவாரம் வந்ததும் இறங்கி அடுப்புப் பற்றவைக்கப் போவார்கள். இவர்களுக்குப் படுக்கை ஏற்பாடு எதுவும் இல்லை. ஆகவே இவ்வகை ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது.

உட்கார்ந்தபடியே உறங்குவதை ஒப்பாய்வு செய்ய விரும்புவோர், தேசியக் கருத்தரங்குகளின் பிற்பகல் அமர்வுக்குப் போகலாம். அங்கே நாற்காலி குலுங்காது, வளைவும் வராது, எழுப்பக் கைதட்டல் உண்டு.

மேலாய்வுக்குரிய களங்கள்

டெம்போ டிராவலரின் கடைசி வரிசை. பிக்கப் வண்டியில் ஏலக்காய்ச் சாக்குகளின் இடுக்கு. ஸ்டோரில் காய் உலரும் இரவில் அடுப்புக்காரருக்குக் கிடைக்கும் வெதுவெதுப்பான மூலை, இது வண்டி அல்ல என்றாலும். முதலாவதற்கு நல்கை கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். பணம் வந்த அன்றே களத்தில் படுத்துவிடுவேன்.